வெறுங்கை வீரன் வலுவற்றவனா?

வலிமை என்பது எதில் இருக்கிறது? கையிலுள்ள வாளின் நீளத்திலா, மார்பிலுள்ள கவசத்தின் கனத்திலா? விடுமுறை நாள்களில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிய எங்களுக்குள் எழுந்த வினா இது. விளையாட்டில் பிறந்த வினாதானே என்று அருட்சகோதரியரும் பெற்றோரும் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் ஆடியது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதை விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இரு அமெரிக்கர் இதனை உருவாக்க, 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நினைத்த செயல் கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். போர்வீரன், மந்திரவாதி, திருடன் எனப் பல வகைப் பாத்திரங்கள் உண்டு. அவற்றுள் 'மங்க்' என்பதும் ஒன்று. பெயர் துறவியைக் குறித்தாலும், செபமாலை ஏந்திய நம் திருச்சபைத் துறவியை இங்கே எண்ணக் கூடாது. சீன நாட்டு ஷாவோலின் மடத்துக் கதைகளின் சாயலில் அமைந்த, கவசமின்றி வெறுங்கையால் போரிடும் தற்காப்புக் கலைஞன் இவன்.

எங்களுள் ஒருத்தி இவனைத் தேர்ந்தெடுத்தாள். முதற்போரிலேயே எல்லாருக்கும் முன்னே பாய்ந்தாள். எல்லாருக்கும் முன்னே வீழ்ந்தாள். நாங்கள் சிரித்தோம். "இவன் உதவமாட்டான். வாள் பிடிக்கும் பாத்திரமாக மாற்றிக்கொள்" என்றோம். அவள் முகம் வாடியது, ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. அன்று நாங்கள் கூறியது தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எங்கள் கூற்றுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாங்கள் வைத்திருந்தது 2014-ஆம் ஆண்டின் விதிநூல். அதன்படி போர்வீரன் தன் உயிர்ப்புள்ளிகளைப் பத்து முகப் பகடையால் பெறுகிறான். இவனுக்கோ எட்டு முகப் பகடைதான். முதற்படியில் இவன் கோலால் ஓரடி, கையால் ஓரடி எனத் தருவதால், இரண்டும் பட்டால் சராசரி 13 புள்ளிக் காயம் உண்டாகும். போர்வீரனின் பெரிய வாள் தருவது 10 மட்டுமே. ஆனால் பதினோராம் படிக்கு வந்து பாருங்கள். மாய ஆயுதம் ஏதுமின்றியே போர்வீரனின் மூன்று வீச்சுகள் 36 புள்ளியை எட்டுகின்றன; இவனுடைய மூன்று அடிகள் 29-ஐத் தாண்டுவதில்லை. இந்தக் குறையை ஈடுசெய்ய இவன் 'கீ' என்னும் உள்ளாற்றலைச் செலவிட்டு நான்காவது அடியையும் தர வேண்டும். அவ்வாற்றலோ படிக்கு ஒரு புள்ளி வீதமே கிடைக்கிறது. தீர்ந்துவிட்டால் ஓய்வெடுத்த பின்புதான் மீளும். கூடுதல் அடிக்கும் அதுதான், தற்காப்புக்கும் அதுதான், விரைந்து ஓடுவதற்கும் அதுதான். ஒரே பணப்பையைக் கொண்டு வீட்டுச் செலவு முழுவதையும் பார்க்கும் தாயின் நிலைதான் இவன் நிலை!

எங்கள் தோழி அந்தத் தாயைப் போலவே எண்ணிச் செலவிடக் கற்றுக்கொண்டாள். முன்னே பாய்வதை நிறுத்தினாள். போர்வீரனுக்குப் பின்னே நின்று, தன் வேகத்தால் பகைவரின் பக்கவாட்டில் புகுந்து, அடித்துவிட்டு விலகினாள். எய்யப்பட்ட அம்பைக் கையால் தடுத்தாள்.

ஐந்தாம் படியில் இவனுக்கு ஒரு சிறப்புக் கலை கிட்டுகிறது. அடி பட்டவுடன் ஒரு 'கீ' புள்ளியைச் செலவிட்டால், தாக்குப்பிடிக்க முடியாத பகைவன் திகைத்துச் செயலற்று நிற்பான். ஒருநாள் ஓகர் என்னும் பேருருவ அரக்கன் எங்களை மறித்தான். அவன் உடல் வலிமைக்கு அக்கலை பலிப்பது பாதிக்குப் பாதிதான். அவள் இருமுறை முயன்றாள், பலிக்கவில்லை. மூன்றாம் முறை அரக்கன் திகைத்து நின்றான். அந்நிலையில் அவனைத் தாக்குவோர் இரண்டு பகடைகளை உருட்டி, கூடுதலாக விழுந்த எண்ணைக் கொள்ளலாம். எங்கள் அடிகள் ஒவ்வொன்றும் தப்பாமல் பட்டன. அரக்கனை வீழ்த்திய பெருமை போர்வீரனாக ஆடியவளுக்குச் சென்றது. ஆயினும் அதற்கு வழி திறந்தவள் யார் என்பதை மேசையைச் சுற்றியிருந்த அனைவரும் அறிந்தோம்.

ஆகவே, தனியொருவனாக எத்தனை பேரை வீழ்த்தினான் என்று கணக்கிட்டால் இவன் பின்தங்கியவனே. தன் கூட்டத்தார் வெல்ல எவ்வளவு துணைநின்றான் என்று கணக்கிட்டால், இவனுக்கு இணையானவர் சிலரே. இதுவே எங்கள் முடிவு.

இதனால் விதிநூலின் குறையை மூடிமறைக்க வேண்டும் என்பதில்லை. விளையாட்டை ஆக்கியோரே இவனை எங்கே வைப்பது என்று நெடுங்காலம் தடுமாறியிருக்கின்றனர். 1975-இல் துணைநூல் ஒன்றில் இவனை அறிமுகம் செய்தனர். 1978-ஆம் ஆண்டு நூலில் உடல்வலிமை, சுறுசுறுப்பு, அறிவுத்தெளிவு ஆகிய மூன்றிலும் 15-க்குக் குறையாதவரே இவனாக ஆடலாம் என்றனர். 1989-ஆம் ஆண்டு முதன்மை நூலிலிருந்து நீக்கினர். 2000-இல் மீண்டும் சேர்த்தனர். 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இவனுக்கு ஓரளவு நீதி கிடைத்திருக்கிறது. கையடியின் வலிமை கூடியுள்ளது. அம்பை மட்டுமன்றி, வாள்வீச்சின் வேகத்தையும் மூன்றாம் படி முதலே தணிக்கலாம். பகைவனைத் திகைக்க வைக்கும் கலையை ஒரு முறைக்கு ஒருதடவை மட்டுமே முயலலாம் என்று அளவு வைத்தனர். எனினும் அது பலிக்காதபோதும் அவன் வேகம் பாதியாகக் குறையும். உழைப்பு முற்றும் வீணாகாது என்பது நல்ல விதியன்றோ!

அன்புத் தோழியரே! இவ்விளையாட்டை ஆடுவோர் இவனைத் தேர்ந்தெடுக்க அஞ்ச வேண்டா. ஆற்றலை எண்ணிச் செலவிடும் பொறுமை மட்டும் இருக்கட்டும். ஆடாதோருக்கும் ஒன்று சொல்வோம். குழுவாகச் செய்யும் எந்தப் பணியிலும் முதல் நாளிலேயே ஒருத்தியைப் பார்த்து "நீ உதவமாட்டாய்" என்று சொல்லிவிடாதீர்கள். நாங்கள் சொன்னோம். எங்கள் தோழி அதைக் கேட்டு எழுந்து போயிருந்தால், அந்த அரக்கனிடம் நாங்கள் அனைவருமே வீழ்ந்திருப்போம்.