கணவனின் சம்மதம் தேவைப்படாத மருந்து

எச்.ஐ.வி. வராமல் தடுக்கப் பல ஆண்டுகளாகச் சுவரெழுத்திலும் வானொலியிலும் நாம் சொல்லிவருவது மூன்றே விஷயங்கள்: ஒருவனுக்கு ஒருத்தி என வாழுங்கள், ஆணுறை பயன்படுத்துங்கள், பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் அடிவாங்கும் மனைவிக்கு இவற்றால் என்ன பயன்? முதலாவதை அவர் ஏற்கெனவே கடைப்பிடிக்கிறார். இரண்டாவது அவர் கையில் இல்லை. ஆணுறை என்ற பேச்சை எடுத்தாலே, ‘என்மேல் சந்தேகமா, இல்லை நீ எவனிடமாவது போகிறாயா’ என்ற கேள்வி வரும், பின்னாலேயே அறையும் விழும். மூன்றாவது, கர்ப்ப காலத்தில் அரசு மருத்துவமனையிலேயே நடந்துவிடுகிறது. அன்றைக்குத் தொற்று இல்லை என்று சீட்டு சொல்லும். அடுத்த மாதத்துக்கு அந்தச் சீட்டு பொறுப்பேற்காது.

இது வெறும் ஊகமல்ல. இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்றை 1986-இல் சென்னையில் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடன் பணியாற்றியோரும், தென்னிந்தியாவில் தொற்றுக்கு ஆளான 134 பெண்களைப் பற்றி 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒரே துணைதான். தேசியக் குடும்பநல ஆய்வின் மூன்றாம் சுற்றில் இடம்பெற்ற 28,139 மணமான பெண்களின் தரவை வைத்து 2008-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. கணவனிடம் அடியும் பாலியல் வன்முறையும் சேர்ந்தே அனுபவித்த பெண்களில் தொற்று 0.73 விழுக்காடு, வன்முறைக்கு ஆளாகாதவர்களில் 0.19. மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும் வேறுபாடு ஏறத்தாழ நான்கு மடங்கு. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வும் இதையே சொன்னது: ஒன்றுக்கு மேற்பட்ட முறை துணைவரின் வன்முறைக்கு ஆளானவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 9.6 பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டது, மற்றவர்களில் 5.2 பேருக்கு. மனைவியை அடிக்கும் ஆணுக்கு வெளியுறவுகளும் தொற்றும் இருக்கும் வாய்ப்பு கூடுதல். கட்டாய உறவில் காயமும் கூடுதல். இரண்டும் ஒரே வீட்டில் சேரும்போது விளைவு இதுதான்.

அந்நியன் ஒருவன் பலாத்காரம் செய்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை மருத்துவமனையில் உண்டு. அது ஒரே ஒரு நிகழ்வுக்கான மருந்து. வாரம் இருமுறை நடப்பதற்கு அதை எத்தனை தடவை கேட்டு வாங்குவது? மனைவி மீதான கட்டாய உறவைக் குற்றமாகவே ஏற்காத சட்டம் நம்முடையது என்பதால், கேட்பதற்கே வாய் வராது. இப்படித் தொடர்ந்து ஆபத்தில் இருப்பவர்களுக்காக வந்ததுதான் ‘பிரெப்’ எனப்படும் முன்தடுப்பு மருந்து. தொற்று இல்லாதவர் முன்கூட்டியே எடுத்துக்கொண்டால் கிருமி உடலில் காலூன்றாது. கணவனின் சம்மதம் இதற்குத் தேவையில்லை.

ஆனால் முதலில் வந்த வடிவம் தினசரி மாத்திரை. டப்பாவை அசைத்தால் சத்தம் கேட்கும். எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தரும் கூட்டு மருந்தில் உள்ள அதே வகை மருந்துதான் இதிலும் இருக்கிறது. பார்க்கிறவர் ‘உனக்கு அந்த நோயா’ என்றுதான் கேட்பார். கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்கள் மாத்திரையைத் தவறவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. காரணம் கேட்டபோது அவர்கள் சொன்னவை: மன உளைச்சலில் மறந்துபோனது, அடிக்குப் பயந்து மாத்திரை இல்லாமலே வீட்டைவிட்டு ஓடியது, கணவன் பிடுங்கி எறிந்தது. ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத பெண்கள்’ என்று கோப்பில் எழுதிக்கொள்வது எவ்வளவு எளிது பாருங்கள்! இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போடும் லெனகபவிர் ஊசி வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அதே ஆய்வில் தினசரி மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் இந்த ஊசியைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் விற்கும் இதை, 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலரில், அதாவது ஏறத்தாழ 3,500 ரூபாயில் தருவதாக ஒப்பந்தம் செய்திருப்பவை டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ என்ற இரண்டு ஹைதராபாத் நிறுவனங்கள்.

எனவே இனி மருந்து தடையல்ல, அது யார் யாருக்கு என்ற பட்டியல்தான் தடை. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு எய்ட்ஸ் நிதியைச் சுருக்கியபோது, அந்த நிதியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டுமே முன்தடுப்பு மருந்து என்றது. கர்ப்பம் இல்லாமல் அடி மட்டும் வாங்குகிறவர் அந்த வரியில் காணாமல் போனார். நம் நாட்டுத் தடுப்புத் திட்டத்தின் முதுகெலும்பு பாலியல் தொழிலாளர், திருநங்கையர், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், ஊசியில் போதை ஏற்றுவோர் என்ற குழுக்கள். அது தவறல்ல, தொற்று இந்த அளவுக்குக் குறைந்ததில் அந்த அணுகுமுறைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் தொற்றுடன் வாழும் சுமார் 25 லட்சம் இந்தியரில் ஐந்தில் இருவருக்கு மேற்பட்டோர் பெண்கள். அவர்களில் மிகப் பலர் இந்தக் குழுக்கள் எதிலும் இல்லாதவர்கள்.

அடிக்கிறவனைத் தண்டிக்காமல் அடிபடுகிறவருக்கு மருந்து கொடுப்பது என்ன நியாயம் என்று பெண்ணியவாதிகள் சிலரே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்; தொற்றுக்கு ஓர் இரவு போதும். குற்றவியல் சட்டம் மாறும்வரை மருத்துவம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு உச்ச நீதிமன்றமே வழிகாட்டியிருக்கிறது: கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு, கணவனின் வன்புணர்வும் வன்புணர்வே என்று 2022 செப்டம்பரில் அது தீர்ப்பளித்தது. கணவனுக்கே சிகிச்சை அளித்துக் கிருமியை அடக்கிவிட்டால் போதாதா என்பது அடுத்த வாதம். அவன் பரிசோதனைக்கு வந்து மருந்தையும் தவறாமல் எடுத்தால் போதும்தான். வராதவனுக்காக மனைவி எத்தனை ஆண்டு காத்திருப்பது?

செலவு பற்றிய கேள்வி இவற்றைவிடக் கனமானது. வயதுவந்தோரில் தொற்று 0.2 விழுக்காடுதான் உள்ள நாட்டில், அடிவாங்கும் மனைவியர் அனைவருக்கும் ஊசி போடுவது அறிவுடைமை அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் மட்டும் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அவர்கள் அனைவருக்கும் ஊசி என்று நான் கேட்கவில்லை. வன்முறையோடு இன்னொரு அறிகுறியும் சேர்ந்திருந்தால், அதாவது பால்வினை நோய், கணவனின் போதை ஊசி, எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அவன் போகிறான் என்ற சந்தேகம் இவற்றில் ஒன்று இருந்தால், கதவு திறக்கட்டும். ரகசியம் அம்பலமானால் அடி கூடாதா என்றால், கூடலாம். ஊசி போட்ட இடத்தில் தொட்டால் தட்டுப்படும் சிறு கட்டி மாதக்கணக்கில் இருக்கக்கூடும். அதைக் கணவனின் கை கண்டுபிடிக்கலாம். இதைச் சொல்லாமல் ஊசி போடுவது ஏமாற்று. சொன்ன பிறகு மாத்திரையா, ஊசியா, இரண்டும் வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் முடிவுசெய்ய வேண்டும். நோய் விவரத்தைத் துணைவருக்குச் சொன்னால் வன்முறை வரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால் சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே மருத்துவரைத் தடுக்கிறது. அந்த விவேகத்தைத் தடுப்பு மருந்துக்கும் நீட்ட வேண்டும்.

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இதற்காகப் புதுக் கட்டடம் கட்ட வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் அழைத்த பெண் வந்து சேரும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையமும் இருக்கிறது. முன்னதன் பதிவுத் தாளில் எச்.ஐ.வி. ஆபத்து பற்றி ஒரு கேள்வியும், பின்னதன் தாளில் வீட்டு வன்முறை பற்றி ஒரு கேள்வியும் சேருங்கள். ‘ஆம்’ என்று சொல்லும் பெண்ணிடம் காவல் நிலைய ரசீது கேட்காதீர்கள். மலிவு ஊசி வரப்போவது 2027-இல். யார் யாருக்கு என்ற பட்டியலை இப்போதே திருத்துங்கள்.