அம்மாவுக்கு ஒரு கடதாசிப் பூ



நவம்பர் மாதம் பிறக்கப் போகிறது என்றாலே எங்கள் புத்தளக் கரையோரத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் சேமக்காலைகள் துப்புரவாகத் தொடங்கிவிடும். 2ஆம் திகதி இறந்த ஆத்துமாக்களின் நினைவு நாள். அதற்கு முன்பே புல் செதுக்கி, சிலுவைகளுக்கு வெள்ளை பூசி வைப்பார்கள். அன்று மாலையில் மெழுகுதிரி கொளுத்திப் பூ வைத்துச் செபிப்பார்கள். பூச்செடி இல்லாத வீடுகளில் ரிசுக் கடதாசியில் பூச்செய்யும் பழக்கமும் உண்டு.

வண்ணாத்திவில்லுப் பகுதியில் நான் வேலை செய்யும் கிராமங்களில் ஒன்றுக்கு, மகளிர் சங்கத்தின் சேமிப்புப் புத்தகங்களைப் பார்ப்பதற்காகச் சில வருடங்களுக்கு முன்னர் ஒக்டோபர் கடைசியில் போயிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் நாற்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் மஞ்சள் கடதாசியில் ஏதோ மடித்துக்கொண்டிருந்தார். அது நம் ஊரில் வழமையாகச் செய்யும் பூ அல்ல. கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் மடிப்பிலேயே இதழ் இதழாக விரிந்தது.

"இது எங்கே பழகினீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"சிங்கப்பூரில மிஸ். நான் வேலை செஞ்ச வீட்டுச் சீனப் பாட்டி காட்டித் தந்தது" என்றார்.

அன்று சேமிப்புப் புத்தகம் பார்க்க நேரமாகிவிட்டது. அவர் சொன்ன கதையைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அக்கா சிங்கப்பூரில் ஆறு வருடம் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். அந்த வீட்டுப் பாட்டியை எல்லோரும் 'ஆ மா' என்று அழைப்பார்களாம். சீன மொழியில் பாட்டி என்று பொருள். ஏப்ரல் மாதத்திலும், பின்னர் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலும் ஆ மா கட்டுக் கட்டாகக் கடதாசி வாங்கி வந்து மேசையில் வைத்து, அக்காவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மடிக்கத் தொடங்கிவிடுவார்.

சீனர்கள் தங்கள் முன்னோரை நினைவுகூரும் நாட்களில் முக்கியமானது 'சிங்மிங்'. அது ஏப்ரல் 4, 5 அல்லது 6ஆம் திகதியில் வரும். அன்று கல்லறைகளுக்குப் போய்த் துப்புரவு செய்து, உணவு படைத்து, கடதாசிப் பொருட்களை எரிப்பார்கள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்திலும் இவ்வாறு செய்வார்கள். அந்த மாதத்தில் இறந்தோரின் ஆவிகள் உலகுக்கு வந்து போகின்றன என்பது அவர்களின் நம்பிக்கை. சிங்கப்பூரில் அந்த நாட்களில் அடுக்குமாடி வீடுகளின் கீழே எரிப்பதற்கென்றே இரும்புத் தொட்டிகள் வைக்கப்படுகின்றன.

அவர்கள் மடிப்பவற்றுள் மிகவும் வழமையானது தோணி போன்ற ஒரு சிறு உருவம். வெள்ளி நிறத் தகடு ஒட்டிய கடதாசியைக் குழலாகச் சுருட்டி, இரு முனைகளையும் உள்ளே மடித்து, நடுவை விரலால் விரித்துவிட்டால் தோணி வந்துவிடும். பழைய காலச் சீனாவில் பொன்னையும் வெள்ளியையும் இந்த வடிவக் கட்டிகளாக வார்த்துப் பணமாகப் புழங்கினார்கள். எரியும் கடதாசி மறு உலகில் பணமாகி, இறந்தவர் அங்கே குறைவில்லாமல் வாழ உதவும் என்று எண்ணுகிறார்கள். பொதுவாகப் பொன் நிறக் கடதாசி தெய்வங்களுக்கும் வெள்ளி நிறக் கடதாசி முன்னோருக்கும் உரியது. தாமரைப் பூவும் மடிப்பார்கள். நம் அக்கா பழகிய பூ அதுதான்.

மரண வீட்டிலும் இந்த வேலை உண்டு. சிங்கப்பூரில் சீனர் வீட்டு மரணச் சடங்கு மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை நாட்களில் நடைபெறும். அந்த இரவுகளில் உறவினர்கள் உடலுக்குக் காவலாக விழித்திருப்பார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடித்தபடியே இறந்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சிறு பிள்ளைகளும் அங்கேயே பார்த்துப் பழகிவிடுவார்கள்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்குச் சீனர்களிடையே ஒரு வேடிக்கையான நாட்டுக்கதை இருக்கிறது. கி.பி. 105இல் கடதாசி செய்யும் முறையை அரசனுக்கு அறிவித்தவர் சாய் லுன். அவருடைய அண்ணனும் அதே தொழிலைத் தொடங்கினாராம். அவர் செய்த கடதாசி மட்டமானதால் விற்காமல் மலைபோல் குவிந்துவிட்டது. அண்ணி ஒரு தந்திரம் செய்தாள். இறந்தவள் போலப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டாள். கணவன் அழுதழுது கடதாசிகளை எரித்தான். சிறிது நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து, "நீங்கள் எரித்தது அங்கே பணமாக வந்தது, அதைக் கொடுத்துத்தான் திரும்பி வந்தேன்" என்றாளாம். அன்றோடு கடதாசி முழுவதும் விற்றுத் தீர்ந்தது! தங்கள் வழக்கத்தைத் தாங்களே கேலி செய்து சிரிக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சகோதரிகளே, இனி அக்காவின் கதைக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றுக் காரணமாகக் கட்டுநாயக்க விமான நிலையம் வெளியிலிருந்து வரும் பயணிகளுக்கு மூடப்பட்டது. வெளிநாடுகளில் வேலை செய்த நம் பெண்கள் பலர் நினைத்தபோது ஊர் திரும்ப முடியாத நிலை ஏற்பட்டது. அந்த வருடம் சீனர்களின் ஏழாம் மாதம் ஓகஸ்ட் 19ஆம் திகதி தொடங்கியது. அதே நாட்களில்தான் அக்காவின் தாயார் ஊரில் நோயுற்று இறந்துபோனார். அடக்கத்தை அக்கா கைத்தொலைபேசியில் பார்த்தார். பாதியில் தொடர்பு அறுந்துவிட்டதாம்.

"அன்று இரவும் பாத்திரம் கழுவினேன் மிஸ். வேற என்ன செய்யத் தெரியும்? ஆ மா வந்து கையைப் பிடிச்சு மேசைக்குக் கூட்டிப் போனா. ஒரு கட்டுக் கடதாசியை எனக்குத் தனியாப் பிரிச்சு வச்சு, உன் அம்மாவுக்கும் மடி என்றா. நான் கோயில்காரி, எரிக்க மாட்டேன் என்றேன். எரிக்க வேண்டாம், மடி என்றா."

விடியும்வரை இருவரும் மடித்தார்கள். அக்காவுக்கு அழுகை வந்தது அங்கேதான். தாமரை மடிக்கும்போது, சின்ன வயதில் தன் தாயார் ரிசுக் கடதாசியில் பூச்செய்யக் கற்றுத் தந்ததை ஆ மாவுக்குத் தெரிந்த மொழியில் சொல்லியிருக்கிறார். ஆ மாவும் தன் தாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மற்றவற்றை ஆ மா தன் முன்னோருக்காக எரித்துவிட்டார். அக்கா மடித்த தாமரைகளில் ஒன்று மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்து, அவர் 2022இல் திரும்பியபோது அவரோடு ஊருக்கு வந்தது.

ஊரில் அவருக்கு நல்ல வரவேற்பு இருக்கவில்லை. "காசு அனுப்பினா மட்டும் மகளாகிட முடியுமா? கடைசி நேரம் தண்ணி கொடுத்தது நாங்க" என்று கூடப்பிறந்தவர்களே சொன்னார்கள். பக்கத்து வீட்டாரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். தாயாரின் நல்ல பெட்டியும், பந்தலும், பாண்ட் வாத்தியமும், ஏழாம் நாள் சாப்பாடும், 31ஆம் நாள் சாப்பாடும் அக்காவின் சம்பளத்தில் நடந்தவை. கடனாக வாங்கிய மீதியையும் அவரே அடைத்தார்.

"பெட்டி என் காசு மிஸ். ஆனா ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்து வைக்கல" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நாட்களில், துக்கம் என்பது தனி மனிதரின் உணர்ச்சி மட்டுமல்ல, கூட்டம் தன் உறுப்பினர் மீது சுமத்தும் கடமையும் ஆகும் என்று பிரெஞ்சு அறிஞர் எமில் டேர்க்கைம் 1912இல் எழுதியதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். அதன் மறுபக்கத்தை அந்தத் திண்ணையில்தான் புரிந்துகொண்டேன். கடமையைச் செய்ய ஒருவருக்கு இடம் கொடுக்காவிட்டால், அவருடைய துக்கமும் இடமில்லாமல் தவிக்கிறது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. நம் பிரதேசத்தில் எல்லா இனத்தவரும் வாழ்கிறோம். எந்த மரண வீட்டுக்குப் போனாலும் கைகளுக்கு ஒரு வேலை இருக்கும். இந்துக்களின் வீட்டில் தென்னோலையில் தோரணம் பின்னுவார்கள். மங்கல வீட்டுத் தோரணத்தில் குருவியின் தலை மேல்நோக்கியும், மரண வீட்டில் கீழ்நோக்கியும் இருக்கும். சிங்கள வீடுகளுக்குப் போகும் பாதையில் இளைஞர்கள் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். முஸ்லிம் வீடுகளில் அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் பெண்ணின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துவது பெண்களின் பொறுப்பு. வேலைகள் வேறு வேறானாலும் பயன் ஒன்றுதான். இறந்தவருக்காக எதையோ செய்தோம் என்ற ஆறுதலுடன் வீடு திரும்பலாம்.

அந்த வேலை மறுக்கப்பட்டால் எவ்வளவு வலிக்கும் என்பதையும் நம் நாடு பார்த்தது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொரோனாவால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. குளிப்பாட்டவும் கபன் உடுத்தவும் அடக்கவும் முடியாமல் முஸ்லிம் குடும்பங்கள் பட்ட வேதனையை நாம் மறந்துவிட முடியாது. அதற்காக மன்னிப்புக் கோர 2024 யூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. தகனம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கும் அன்று முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

சீனரின் வழக்கம் எல்லாவற்றிலும் சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் வியாபாரம் நுழைந்துவிட்டது. கடதாசி வீடு, கடதாசிக் கார், கடதாசிக் கைத்தொலைபேசி என்று கடைகளில் விற்கிறார்கள். புகையும் சாம்பலும் அயலாருக்குத் தொல்லை என்ற முறைப்பாடும் உண்டு. சீனாவிலேயே பல நகரங்களில் எரிப்பதைக் குறைத்துப் பூ வைக்கும்படி அதிகாரிகள் கேட்டுக்கொள்கிறார்கள். நம் பக்கமும் குறை இருக்கிறது. பெட்டியின் விலையையும் மலர் வளையங்களின் எண்ணிக்கையையும் கொண்டு பிள்ளைகளின் அன்பை அளக்கிறோம். அளக்கும் ஊருக்குப் பயந்து கடன்படுகிறோம். அந்தக் கடனை அடைக்க இன்னொரு பெண் வெளிநாடு போகிறாள். அவள் போன இடத்தில் இருக்கும்போது இங்கே இன்னொரு மரணம் நிகழ்கிறது.

ஆகவே சகோதரிகளே, நம்மால் செய்யக்கூடிய சில விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டில் மரணம் நிகழ்ந்தால் வெளிநாட்டிலிருக்கும் மகளிடம் காசை மட்டும் கேட்காதீர்கள். என்ன செபம் சொல்வது, எந்தப் பாட்டுப் பாடுவது, எந்தச் சேலை உடுத்துவது என்று ஒன்றையாவது அவளிடம் கேட்டுச் செய்யுங்கள். அவள் பெயரைச் சொல்லி ஒருவர் ஒரு பிடி மண் போடலாம்.

இரண்டாவது, அவள் திரும்பி வந்ததும் குற்றம் சொல்வதற்கு முன்னர் அவளைக் கல்லறைக்கோ கடற்கரைக்கோ கூட்டிப் போங்கள். இந்துக் குடும்பங்களில் தாய்க்காகச் சித்திரா பௌர்ணமியும் தந்தைக்காக ஆடி அமாவாசையும் ஒவ்வொரு வருடமும் வருகின்றன. கத்தோலிக்கருக்கு நவம்பர் மாதம் இருக்கிறது. தவறிய கடமையைச் செய்யக் காலம் கடந்துவிடவில்லை.

மூன்றாவது, நம் ஊர் மரண உதவிச் சங்கங்களில் பெண்களும் பேச வேண்டும். எவ்வளவு செலவு போதும் என்று சங்கமே ஒரு வரம்பு வைத்துவிட்டால் ஏழைக் குடும்பம் வெட்கப்பட வேண்டியதில்லை. 2023 ஒக்டோபர் முதல் பிளாஸ்ரிக் மாலைகள் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. மரண வீட்டுக்கு வரும் பெண்கள் சேர்ந்திருந்து கடதாசிப் பூவும் ஓலைப் பூவும் செய்தால் செலவும் குறையும், துக்கப்படுபவரோடு பேசவும் நேரம் கிடைக்கும்.

இந்த யோசனைகளை நான் அந்தக் கிராமத்து மகளிர் சங்கத்திலும் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். "கடதாசிப் பூ வச்சா ஊர் சிரிக்கும்" என்று ஒரு மூத்த அம்மா எழுந்து போய்விட்டார். ஆனால் அந்த நவம்பர் 2ஆம் திகதி மாலை நானும் சேமக்காலைக்குப் போனேன். அக்கா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய தாமரையையும் புதிதாக மடித்தவற்றையும் தாயாரின் கல்லறையில் வைத்தார். காற்றுக்குப் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் சிறு கல் வைத்தார். சற்று நேரத்தில் அவருடைய தங்கை வந்தார். அக்காவோடு ஒன்றும் பேசவில்லை. அணைந்துபோன மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, பறந்து கிடந்த ஒரு தாமரையை எடுத்துத் தட்டித் திரும்ப வைத்தார்.

"இதை எப்படி மடிக்கிறது?" என்று கேட்டார்.

அக்கா பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துக் கொடுத்தார்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.