டார்சி வீட்டுப் பிள்ளை

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் 6 நாவல்களும் கல்யாணத்தில் முடிகின்றன. 1817இல் 41 வயதில் அவர் இறந்தார். வாசகர்கள்தான் விடவில்லை. 1913இலேயே சிபில் பிரின்டன் என்பவர் 6 நாவல்களின் பாத்திரங்களையும் ஒரே கதையில் கூட்டிச் சேர்த்து மிச்சமிருந்தவர்களுக்கு ஜோடி பொருத்தினார்.

அமெரிக்க எழுத்தாளர் கிளாடியா கிரே அடுத்த தலைமுறைக்கே போய்விட்டார். 2022இல் வெளியான அவரது 'தி மர்டர் ஆஃப் மிஸ்டர் விக்கம்' 1820இல் நடக்கிறது. 'எம்மா' நாவலின் நைட்லி தம்பதி வீட்டில் விருந்தாளிகள் கூடியிருக்கும்போது, அழையாமல் வந்த விக்கம் கொலையாகிறான். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் எலிசபெத்தின் தங்கையோடு ஓடிப்போன அதே விக்கம்தான். அவனால் நொந்தவர்கள் அந்த வீட்டில் பலர்.

துப்பறிபவர்கள் இருவர்: டார்சி-எலிசபெத் தம்பதியின் மூத்த மகன் ஜொனாதன், 'நார்த்தாங்கர் அபே' நாயகி கேதரினின் மகள் ஜூலியட். கல்யாணமாகாத பெண் ஓர் இளைஞனோடு தனியே பேசுவதே தவறு என்ற காலம் அது. ஜொனாதனின் சங்கடம் வேறு: சந்தேகப் பட்டியலில் அவன் பெற்றோரும் இருக்கிறார்கள்.

நாலு பேரோடு கலந்து பழகத் தெரியாதவன் ஜொனாதன். வழக்கம் மாறினால் தவித்துப்போவான். இதே ஒதுங்கலுக்குத்தான் தந்தை டார்சிக்கு 'அகம்பாவி' என்று பெயர் வந்தது. மகனைப் படித்த பிறகு தந்தையை மறுபடி படிக்கத் தோன்றுகிறது. தொடர்ச்சி எழுதுபவர்கள் மூலக்கதைக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.