கியூ காய்ச்சல்: குட்டி வீசும் மந்தைக்குச் சோதனையே முதல் நடவடிக்கை
(செயற்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை)

குட்டி வீச்சு, அதாவது கருச்சிதைவு, தொடரும் ஆட்டு மந்தைகளை ஊரெல்லையிலிருந்து அப்புறப்படுத்துவதே கியூ காய்ச்சலுக்குத் தீர்வு என்னும் வாதம் மீண்டும் எழுந்துள்ள நிலையில், ஆடு வளர்ப்போரும் கிடை போட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகளும் கால்நடை மருத்துவப் பணியாளர்களும் உறுப்பினராயுள்ள இச்சங்கத்தின் செயற்குழு, நெடிய விவாதத்துக்குப் பின் தன் நிலைப்பாட்டை வெளியிடுகிறது.

காக்சியெல்லா பர்னெட்டி என்னும் பாக்டீரியாவால் வரும் இந்நோய், 1935இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடையே முதலில் கவனிக்கப்பட்டு, 1937இல் மருத்துவர் எட்வர்ட் டெரிக்கால் விவரிக்கப்பட்டது. காட்டு விலங்குகளிடையிலும் மந்தைகளிடையிலும் கிருமியைக் கொண்டு செல்வதில் உண்ணிக்குப் பங்குண்டு எனினும், மனிதர் பெரும்பாலும் உண்ணிக் கடியால் அன்றி, ஈன்ற ஆட்டின் கழிவு காய்ந்து கலந்த தூசியைச் சுவாசிப்பதாலேயே தொற்றுக்கு ஆளாகின்றனர். ஆகவே உண்ணி மருந்து தெளித்ததோடு கடமை முடிந்ததாகக் கருத இயலாது.

புதுச்சேரியிலும் அதை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலும் ஆடுகளின் குருதியில் இக்கிருமிக்கான எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். அது அந்த ஆடு எப்போதோ கிருமியை எதிர்கொண்டது என்பதைக் காட்டுமே அன்றி, இன்று கிருமியைப் பரப்புகிறது என்பதற்குச் சான்றாகாது. இந்த வேறுபாட்டை அறிந்தவர்களே அதை மறைத்து மந்தைகளை விரட்டப் பேசுவதைச் செயற்குழு வன்மையாகக் கண்டிக்கிறது.

விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அட்டவணையில் 2009 முதலே கியூ காய்ச்சல் இடம்பெற்றுள்ளது. மந்தையில் அந்நோய் இருப்பதாகக் கருதக் காரணமிருந்தால் உரிமையாளர் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது அச்சட்டம். எதைக் கொண்டு அவர் அவ்வாறு கருதுவது? குட்டி வீச்சு புரூசெல்லா கிருமியாலும் வரலாம், வேறு பல கிருமிகளாலும் வரலாம். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. நஞ்சுக்கொடியிலோ பிறப்புறுப்புக் கசிவிலோ மாதிரி எடுத்து, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனை செய்தால்தான் உறுதியாகும். அவ்வசதி ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கிடையாது. சோதிக்க வழி செய்யாமல், தெரிவிக்கவில்லை என்று கீதாரியைக் குற்றஞ்சாட்டுவதும், தெரிவித்தால் அவர் கிடையைக் கலைப்பதும் நோயை மறைக்கவே அவரைப் பழக்கும். சாலையோரத்திலும் தரிசிலும் மழையிலும் வெயிலிலும் மந்தையோடு கிடப்பவரிடம் சட்டத்தைக் காட்டும் முன், அச்சட்டம் வந்த நாளிலிருந்து அவருக்காக என்ன செய்யப்பட்டது என்பதற்கு அரசு விடை சொல்லட்டும்.

காலந்தாழ்ந்த நடவடிக்கை எங்கே கொண்டு விடும் என்பதற்கு நெதர்லாந்து சான்று. அங்கே வடக்கு பிராபன்ட் மாகாணத்தில் பால் வெள்ளாட்டுப் பண்ணைகளில் 2005 முதல் குட்டி வீச்சு மிகுந்தது. 2007இல் சுற்றுவட்டார மக்களுக்குக் காய்ச்சல் கண்டது. பண்ணைகள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமோ 2008இல்தான் வந்தது. 2010க்குள் பதிவான நோயாளிகள் 4,000 பேருக்கு மேல். 2009 டிசம்பரில் நோய் கண்ட பண்ணைகளின் சினை ஆடுகளைக் கொல்ல முடிவாகி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்காமலே 50,000க்கும் மேற்பட்ட ஆடுகள் கொல்லப்பட்டன. அங்கே பண்ணையாளருக்கு இழப்பீடாவது கிடைத்தது. இழப்பீடு பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் இங்கே மந்தைகளை அப்புறப்படுத்தச் சொல்வது அநியாயம்.

இதே நேர்மையோடு, வளர்ப்போர் தரப்பில் மாற வேண்டியதையும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் கிடையில் ஈனும் ஆட்டுக்குத் துணை நிற்கும் பெண், வெறுங்கையால் குட்டியை இழுத்து, அதன் மூக்கில் அடைத்த சளியை விரலால் வழித்து, நஞ்சுக்கொடியை நாய்க்கு எட்டும் தூரத்தில் எறிந்துவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்கிறார். தொற்றுள்ள ஆட்டின் நஞ்சுக்கொடியில் ஒரு கிராமுக்கு 100 கோடி வரை கிருமிகள் இருக்கக்கூடும். அவை மண்ணில் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். சில கிருமிகளே ஒருவரை நோயில் தள்ளப் போதும். கருவுற்ற பெண்கள் இப்பணியில் ஈடுபடவே கூடாது. பசுவின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கத்தைப் பொறுத்தவரை, மரபைப் பழிப்பது நோக்கமன்று எனினும், கன்று வீசிய மாட்டின் கொடியையேனும் அவ்வாறு கட்டாதிருப்பது நலம் எனப் பெரும்பான்மையோர் கருதினர்.

பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். இறைச்சிக்கூடத் தொழிலாளருக்குத் தடுப்பூசி வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்படாததால், அது இயன்றவரை விரைவில் ஆராயப்படலாம் என்று மட்டும் பதிவு செய்யப்படுகிறது. காய்ச்சலோடு வருபவரிடம் ஆடு மாடுகளோடு புழங்குபவரா என்று மருத்துவர்கள் கேட்க வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரையால் தொடக்கத்திலேயே குணமாகும் நோய், கவனியாது விட்டால் சிலருக்கு இதய வால்வைத் தாக்கும்.

மாவட்டந்தோறும் மாதிரி சேகரிப்பு, கட்டணமற்ற சோதனை, அகற்றப்படும் ஒவ்வொரு ஆட்டுக்கும் இழப்பீடு ஆகிய மூன்றும் உறுதியாகும் வரை எந்த மந்தையையும் அப்புறப்படுத்தும் ஆணையை இச்சங்கம் ஏற்காது. உறுப்பினர்கள் குட்டி வீச்சை மறைக்க வேண்டாம்; அன்றே கால்நடை மருந்தகத்தில் தெரிவித்து மாதிரி எடுக்கச் செய்து, எஞ்சியதைக் கையுறையணிந்து ஆழக்குழியில் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள்; மாதிரி எடுக்க மறுத்தால் தேதியோடு அதைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள்.