பக்கத்து லேன் உங்கள் டேக்கைப் படித்தால்?

காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் ஒரு கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் நானே, அதில் பணம் போன பிறகுதான் யோசித்தேன்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமாவை அழைத்துக்கொண்டு, சென்னை விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊரான பெரியபட்டினத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு சுங்கச்சாவடியில் நல்ல நெரிசல். வரிசையில் நகர்ந்து கடந்து வந்தோம். சிறிது தூரம் போனதும் மொபைலில் இரண்டு எஸ்.எம்.எஸ். வந்தன. இரண்டிலும் ஒரே தொகை. "நாம போனது ஒரு வண்டியிலதானே மாப்ளே, ரெண்டு வண்டிக்கு ஏன் காசு புடிச்சிருக்கான்?" என்றார் மாமா. வீட்டுக்கு வந்து வங்கிக் கணக்கின் விவரத்தைப் பார்த்தேன். இரண்டு பதிவுகளுக்கும் ஒரு நிமிடம்தான் வித்தியாசம். லேன் எண்கள் மட்டும் அடுத்தடுத்தவை. அதாவது, பக்கத்து லேனில் நின்ற யாரோ ஒருவருக்கு என் செலவில் கேட் திறந்திருக்கிறது!

இது எப்படி நடக்கிறது?

ஃபாஸ்டேக் ஒரு 'பாஸிவ்' ஆர்.எஃப்.ஐ.டி. டேக். அதில் பேட்டரி கிடையாது. லேனுக்கு மேலே உள்ள ஆன்டெனா, இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு டேக் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. நல்ல டேக் பல மீட்டர் தூரத்திலிருந்தே பதில் சொல்லும். ஆனால் ஒரு லேனின் அகலமோ சுமார் 3 மீட்டர்தான். ஆக, பக்கத்து லேன் எப்போதுமே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் சந்தனக்கூடு விழாவுக்கு வந்தவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். அடுத்தடுத்த இரண்டு கடைகளில் ஸ்பீக்கர் கட்டினால், இந்தக் கடை முன்னால் நிற்பவருக்கு அந்தக் கடைப் பாட்டும் கேட்கும். ஒருவர் சத்தத்தைக் கூட்டினால் அடுத்தவரும் கூட்டுவார். கடைசியில் யாருக்கும் எதுவும் புரியாது. ஆன்டெனாவும் அப்படித்தான். அது அலையை ஒரு நேர்க்கோடாக அனுப்புவதில்லை. டார்ச் வெளிச்சம் போல ஓரங்களில் சிதறும். பக்கத்தில் ஒரு லாரி நின்றால் அதன் இரும்பு பாடியில் பட்டுத் திரும்பி, போகக்கூடாத இடத்துக்கும் போகும்.

பவரைக் கூட்டுவதா, குறைப்பதா?

பவரைக் குறைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பவரைப் பாதியாக்கினால் படிக்கும் தூரம் பாதியாவதில்லை. ஏறக்குறைய 70 சதவீதமாகத்தான் குறைகிறது. தூரத்தைப் பாதியாக்க, பவரைக் கால் பங்காக்க வேண்டும். அப்படிச் செய்தால், சரியாக ஒட்டப்படாத டேக்கும் அழுக்கேறிய பழைய டேக்கும் படிக்கப்படாமல் போகலாம். வரிசை தேங்கும், ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும்.

என் கருத்து இங்கேதான் தொடங்குகிறது. ஒரு டேக் படிக்கப்படாமல் போனால் சிரமம் சாவடிக்கு. ஒரு டேக் தவறாகப் படிக்கப்பட்டால் நஷ்டம் நமக்கு. எனவே சந்தேகம் வரும்போதெல்லாம் பவரைக் கூட்டி வைக்கத்தான் யாருக்கும் மனம் வரும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. தவறின் விலையை வேறொருவர் கொடுக்கும்போது, செட்டிங் தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

தீர்வு இல்லாமல் இல்லை

1. ஆன்டெனாவைத் தூரத்தைப் பார்க்க வைக்காமல், தரையைப் பார்த்துச் சாய்த்து, கேட்டுக்கு முன்னால் ஒரு சிறிய இடத்தை மட்டும் பார்க்கச் செய்யலாம். லேன்களுக்கு நடுவே அலையை உறிஞ்சும் தடுப்பு வைக்கலாம்.

2. அடுத்தடுத்த ரீடர்கள் ஒரே நேரத்தில் பேசாமல், முறை வைத்துப் பேசச் செய்யலாம். இதனால் ஒன்றின் பேச்சில் மற்றொன்று குறுக்கிடுவது குறையும். ஆனால் முறை வைத்தாலும், தன் முறை வரும்போது பக்கத்து டேக்கைப் படிக்கும் வாய்ப்பு இருக்கவே செய்யும். இரண்டும் வேறு வேறு பிரச்னைகள்.

3. இரண்டு ஆன்டெனாக்களும் ஒரே டேக்கைப் படித்தால், எதில் சிக்னல் வலுவாக இருந்தது, எதில் அதிக முறை படிக்கப்பட்டது என்று ஒப்பிடலாம். ஆனால் லாரியில் பட்டுத் திரும்பும் அலை இதையும் ஏமாற்றும்.

4. ஆகவே இன்னொரு சாட்சி வேண்டும். தரையில் பதித்த லூப் சென்சார் வண்டி வந்துவிட்டதைச் சொல்லும். கேமரா நம்பர் பிளேட்டைச் சொல்லும். வண்டியின் வகையைக் கண்டறியும் கருவி, வந்தது காரா லாரியா என்று சொல்லும். இவை ஒத்துப்போனால்தான் பணம் பிடிக்க வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம் என்பேன். டேக்கைப் படிப்பது வேறு, பணம் பிடிப்பது வேறு. ஆன்டெனா தருவது ஒரு துப்பு. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது சாஃப்ட்வேரின் சோம்பேறித்தனம். என் விஷயத்தில், ஒரே டேக் ஒரு நிமிடத்துக்குள் அடுத்தடுத்த இரண்டு லேன்களில் கடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு வண்டியால் முடியாத காரியம் இது. இதைக் கண்டுபிடிக்க நாலு வரி புரோகிராம் போதும். அந்த வேலையை வாடிக்கையாளர் புகார் எழுதித்தான் செய்ய வேண்டுமா?

2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளின் எல்லா லேன்களும் ஃபாஸ்டேக் லேன்களாகிவிட்டன. அடுத்து கேட்டே இல்லாத சாவடி. குஜராத்தின் சோர்யாசியில் இதற்கான ஒப்பந்தம் 2025-ல் கையெழுத்தானது. அங்கே கேமராவும் டேக்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். வண்டி நிற்காது, தவறு நடந்தால் இறங்கிக் கேட்க ஆளும் இருக்காது. எனவே கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

டேக்கைக் கண்ணாடியில் ஒட்டுங்கள். கையில் பிடித்துக் காட்டாதீர்கள். அப்படிக் காட்டப்படும் டேக்குகளை பிளாக்லிஸ்ட் செய்யும்படி தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது. வேறு வண்டியின் டேக்கை எடுத்துப்போக வேண்டியிருந்தால் அலுமினியம் ஃபாயிலில் நன்றாகச் சுற்றி வையுங்கள். அலை உள்ளே போகாது. பயணம் முடிந்ததும் கணக்கைப் பாருங்கள். இரட்டைப் பதிவு இருந்தால் டேக் கொடுத்த வங்கியிடமோ 1033 எண்ணிலோ புகார் செய்யுங்கள்.

எனக்குப் பணம் திரும்ப வந்தது, சில வாரங்கள் கழித்து. மாமா சிரித்தார்: "நீ கம்ப்யூட்டர் படிச்சவன், கேட்டு வாங்கிட்ட. தினமும் மீன் ஏத்திக்கிட்டுப் போற வண்டிக்காரன் எப்பப்பா கணக்குப் பார்ப்பான்?" அந்தக் கேள்விக்கு சிஸ்டத்தை வடிவமைக்கும் என்னைப் போன்றவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.