பொருந்தாத அளவீட்டை என்ன செய்வது?

1909 டிசம்பரில் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பெர்ட் கோக்கெல், ‘கொட்ஹார்ட்’ என்ற பலூனில் ஏறி சுவிட்சர்லாந்து வானத்தில் பறந்தார். காற்றை அயனியாக்கும் ஊடுருவு கதிர்வீச்சை உயரத்தில் அளக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். மண்ணிலும் பாறையிலும் இருக்கும் கதிரியக்கத் தனிமங்களிலிருந்துதான் அது வருகிறது என்று அன்றைய இயற்பியலாளர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். அப்படியானால் மேலே போகப்போக அது வேகமாகக் குறைய வேண்டும். ஏறத்தாழ 4,500 மீட்டர் வரை போய்ப் பார்த்தார். எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. அடுத்த பறத்தல்களிலும் அப்படித்தான்.

அந்தக் கதிர்வீச்சை, அதாவது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை, கண்டுபிடித்தவர் என்று நாம் வகுப்பில் சொல்லும் பெயர் விக்டர் ஹெஸ். 1912 ஆகஸ்ட் 7 அன்று அவர் 5,000 மீட்டருக்கு மேல் போய், அயனியாக்கம் அங்கே கூடுவதைக் காட்டினார். 1936இல் நோபல் பரிசு பெற்றார். கோக்கெல் 1927லேயே இறந்துவிட்டார். ஹெஸ்ஸின் பெருமையில் குறைவேதும் இல்லை. ஆனால் அறிவியல் எப்படி நடக்கிறது என்று மாணவருக்குக் காட்ட, கோக்கெலின் பலூனே அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

கோக்கெலின் கருவியின் கலம் காற்றுப் புகாதபடி மூடப்பட்டதல்ல. உயரம் கூடக்கூட உள்ளே இருந்த காற்றும் அடர்த்தி குறைந்தது. அயனியாக அணுக்களே குறைந்ததால் அளவீடும் தாழ்ந்தது. உண்மையில் இருந்த உயர்வை அது மறைத்திருக்கிறது. ஹெஸ் இறுக மூடிய கலங்களைக் கொண்டுபோனார். அதே 1912 ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போது அவர் பறந்து, கதிர்வீச்சு குறையாததைக் கண்டு, அதன் முதன்மை மூலம் சூரியன் இல்லை என்றும் வாதிட்டார். பிறகும் ஐயம் தீரவில்லை. அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் முதலில் சந்தேகித்தார். 1925இல் அவரே அதற்குக் ‘காஸ்மிக் கதிர்’ என்று பெயர் சூட்டினார். அவை ஒளியின் இனம் என்ற அவர் கருத்தை 1930களில் காம்ப்டனும் மற்றவர்களும் எடுத்த அளவீடுகள் வீழ்த்தின.

இப்படித் தடுமாறி நடக்கும் அறிவியலை ஆசிரியர்களாகிய நாம் எவ்வளவு புரிந்திருக்கிறோம்? ஆசிரியர்களிடம் அறிவியலின் இயல்பு பற்றிக் கேட்ட ஆய்வுகளைக் கல்வி ஆய்வாளர் நார்மன் லெடர்மன் 1992இல் தொகுத்து ஆராய்ந்தார். ஆசிரியர்களின் புரிதல் பல இடங்களில் போதாது என்றே அவை காட்டின. கோட்பாடு நிரூபணமானால் விதியாகிவிடும், அறிவியல் முறை என்பது ஒரே வரிசைப் படிகள், கவனிப்பு தானே பேசும் என்ற எண்ணங்கள் நம்மிடமும் உண்டு. அந்தத் தொகுப்பின் இன்னொரு முடிவு நம்மை மேலும் யோசிக்க வைக்க வேண்டும்: ஆசிரியருக்கு நல்ல புரிதல் இருந்தாலும் அது தானாக வகுப்புக்குள் வந்துவிடுவதில்லை. பாடத்தை முடிக்கும் அவசரமும் தேர்வும் குறுக்கே நிற்கின்றன.

நம் ஆய்வகத்தில் அவை குறுக்கே நிற்கும் இடம் ரெக்கார்டு நோட்டு. தனி ஊசல் சோதனையில் ஒரு மாணவிக்கு g 9.3 என்று வருகிறது. அவளுக்கு 9.8 தெரியும். ரப்பரை எடுக்கிறாள், இருபது அலைவுகளுக்கான நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதுகிறாள். நாம் கையெழுத்துப் போடுகிறோம். நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளந்தாளா, வீச்சு அதிகமா, ஸ்டாப்வாட்சை அழுத்தியதில் தாமதமா என்ற கேள்விகள் எல்லாம் ரப்பரோடு போய்விடுகின்றன. அறிவியலின் இயல்பைப் பற்றி அவள் கற்றது, விடை முதலில், அளவீடு பிறகு என்பதுதான்.

இதற்கு மாற்றாக ஒரு பாடவேளையைச் செலவிட்டுப் பாருங்கள். நெதர்லாந்தில் இயற்பியல் கற்பித்த இயேசு சபைப் பாதிரியார் தியோடர் வுல்ஃப் 1910இல் தாம் வடிவமைத்த எலக்ட்ரோமீட்டரை ஈஃபல் கோபுரத்தின் உச்சிக்குக் கொண்டுபோனார். தரையில் கன சென்டிமீட்டருக்கு நொடிக்கு 6 அயனிகள். 300 மீட்டரில் 3.5. காமா கதிர் காற்றில் சுமார் 80 மீட்டருக்கு ஒருமுறை பாதியாகும் என்று சொல்லி, உச்சியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். அரைக்கும் குறைவாக வரும். பிறகு நாம் வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம். கோபுரத்தின் இரும்பிலிருந்து வருகிறதா, கலத்தின் சுவரிலிருந்தா, காற்றிலேயே கதிரியக்கம் உண்டா, மேலிருந்து வருகிறதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அன்று ஐரோப்பாவில் எழுந்ததும் இதே கேள்விகள்தான்.

கதையின் தொடர்ச்சிக்கு ஊட்டி போதும். அங்கே காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், 2014 டிசம்பர் 1 அன்று இடிமழையின்போது அக்கதிர்கள் காற்றில் உண்டாக்கும் மியூவான் துகள்களின் எண்ணிக்கை குறைந்ததைப் பதிவுசெய்தது. அந்தக் குறைவிலிருந்து மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று 2019இல் கணித்து வெளியிட்டார்கள்.

பாடநூல் குழுவிடமும் தேர்வுத் துறையிடமும் நாம் ஒன்று கேட்கலாம். செய்முறைத் தேர்வில் விடைக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, கிடைத்த எண் ஏன் அப்படி வந்தது என்று மாணவர் எழுதும் ஒரு பத்திக்கு மாற்றுங்கள். அதுவரை, 9.3 என்று எழுதிய நோட்டில் சிவப்பு மையால் அடிக்காமல், அருகில் ‘ஏன்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்க நமக்கு யாருடைய அரசாணையும் தேவையில்லை.