குடும்பக் கணக்கெடுப்பும் குடியானவர் கடமையும்

மண்டகப்பட்டுக் குகைக்கோயிலை அமைப்பித்தவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது அங்குள்ள கல்வெட்டினால் இன்றும் விளங்குகின்றது. அக்காலத்து உழவன் எவ்வளவு நிலம் உழுதான், எவ்வளவு கடன்பட்டான் என்பவற்றை அக்கல் கூறவில்லை. குடியானவர் வாழ்க்கை எழுதிவைக்கப்பட்டாலன்றிப் பின்னோர்க்குத் தெரிய வழியில்லை.

விழுப்புரம் ஜில்லாவில் அங்ஙனம் எழுதிவைக்கப்பட்ட ஊர் ஒன்று உண்டு. அது திருவெண்ணெய்நல்லூரை அடுத்த இருவேல்பட்டு. சென்னைச் சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தொடங்கிய கிராம ஆராய்ச்சியில் இடம்பெற்ற அவ்வூர், 1936-37, 1981, 2008 ஆகிய ஆண்டுகளிலும் ஆராயப்பெற்றது. பெருநிலக்காரர் செல்வாக்குத் தளர்ந்ததும், கூலியாட்கள் வெளியூர் வேலைகளை நாடியதும் இத்தொடர் விசாரணைகளால் தெளிவாயின.

ஊரை ஆராய்வதினும் அதே குடும்பங்களைத் தொடர்ந்து விசாரிப்பது இன்னும் நுட்பமானது. ஊரின் சராசரிக் கடன் மாறாதிருக்கும்போதே ஒரு குடும்பம் கரையேறியிருக்கும், மற்றொன்று மூழ்கியிருக்கும். ஒருமுறை எடுக்கும் கணக்கு இவ்வேற்றுமையைக் காட்டாது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியின் 10 கிராமங்களில் 2010-ல் 405 குடும்பங்களை விசாரித்தனர். 2016-17-லும் 2020-21-லும் மீண்டும் வந்தனர். ஆகவே, 2016-ல் பெரிய நோட்டுகள் செல்லாமற்போனதும், 2020-ல் கொள்ளைநோயால் ஊரடங்கியதும் குடும்பங்களை எவ்வாறு தாக்கின என்பதை முன்கணக்குடன் ஒப்பிட முடிந்தது.

இதன் பயன் நம் ஜில்லாவோடு நிற்பதன்று. ஐதராபாத்தை அடுத்த பட்டான்சேருவிலுள்ள சர்வதேச வறட்சிப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் ஆந்திர, மகாராஷ்டிரக் கிராமங்களில் திரட்டிய குடும்பக் கணக்குகளைக் கொண்டு, விளைச்சல் தவறும்போது குடும்பங்கள் எவ்விதம் சமாளிக்கின்றன என்பதை அமெரிக்க அறிஞர் ராபர்ட் டவுன்சென்ட் 1994-ல் ஆராய்ந்து வெளியிட்டார். கரிசல் நிலத்துக் குடியானவர் சொன்ன விடை உலகப் பொருளாதார சாஸ்திரத்திற்கே ஆதாரமாயிற்று.

எனினும், விடை பொய்யாயின் கணக்கும் பொய்யே. சலுகை நின்றுவிடுமோ என்று வருமானத்தைக் குறைத்தும், மானம் கருதிக் கடனை மறைத்தும் கூறுவோர் பலர். அக்கணக்கை நம்பி வகுக்கும் திட்டம் அவர்கள் வயலுக்கே உதவாது போகும். விசாரிப்போர்க்கும் கடமை உண்டு: சொன்னவர் பெயரைக் காத்தலும், வீட்டுப் பெண்களைத் தனியே வினவுதலும், கண்ட முடிவை அவ்வூராரிடமே தமிழில் எடுத்துரைத்தலும் இன்றியமையாதன. கணக்குக் கொடுத்தவன் அதன் பயனை அறியாதிருப்பது நியாயமன்று.

கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு விளக்கி, விசாரிக்க வருவோர்க்கு வழிசெய்தல் வேண்டும். ஒருமுறை விதைத்து மறந்தால் விளைவு காண்பதரிது. குடும்பக் கணக்கும் அத்தன்மையதே.